மரத்துண்டும் பள்ளிக்கூடமும்: வேல்ஸ் நாட்டு இருமொழிப் பள்ளியொன்றின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுக் கிராமப் பள்ளிகள் பலவற்றில் சிறிய மரத்துண்டு ஒன்று இருந்தது. கயிறு கோத்த அத்துண்டில் 'வெல்ஷ் நாட்' என்னும் சொற்களின் முதலெழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கும். வகுப்பில் ஆங்கிலத்தை விட்டுத் தன் தாய்மொழியாகிய வெல்ஷில் வாய் திறந்துவிட்ட பிள்ளையின் கழுத்தில் அதனை மாட்டுவார்கள். அப்பிள்ளை, தன்னைப் போலவே வாய்தவறிப் பேசும் இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் துண்டு கைமாறும். மாலையில் பள்ளி விடும் நேரத்தில் அது எவன் கழுத்தில் கிடக்கிறதோ அவனுக்குப் பிரம்படி. ஒரு மொழியை மறக்கச் செய்வதற்குப் பிள்ளைகளையே ஒருவர்க்கொருவர் ஒற்றர்களாக்கிய இந்த ஏற்பாட்டினும் கொடியதொன்றைக் கல்வி வரலாற்றில் காண்பது அரிது.

அந்த மரத்துண்டைச் சுமந்த பிள்ளைகளில் ஒருவர் ஓவன் எம். எட்வர்ட்ஸ். வேல்ஸின் வடபகுதியில் லானுக்லின் என்னும் சிற்றூரில் 1858-இல் பிறந்த இவர், பின்னர் ஆக்ஸ்போர்டில் வரலாற்று ஆசிரியராக விளங்கினார். 1907-இல் வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராக அமர்ந்தார். தம் கழுத்தில் தொங்கிய அத்துண்டைப் பற்றி அவர் எழுதிவைத்த நினைவுக்குறிப்பு, அந்நாட்டில் இன்றளவும் பேசப்படுகிறது. இவரையும் இவருடைய மகனையும் பேரனையும் இக்கட்டுரையில் மீண்டும் சந்திக்க நேரும்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மரத்துண்டைக் கழுத்தில் மாட்டுமாறு எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. அது அந்தந்த ஊர்ப் பள்ளியின் வழக்கம். பிள்ளைகள் ஆங்கிலம் கற்றுப் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்பிய பெற்றோர் பலர் அதற்கு மௌனமாகவோ வெளிப்படையாகவோ இசைந்தே இருந்தார்கள். வெல்ஷ் மொழியின் வீழ்ச்சியைப் பேசுவோர் இலண்டன் அரசைக் குற்றம் சாட்டுவதோடு நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் வீட்டு முற்றத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளுக்கும் அதில் பங்கு உண்டு. அப்படிப் பெற்றோர் கைநழுவ விட்ட மொழியை, நூறாண்டு கழித்துப் பெற்றோரே பள்ளிக்கூடம் கேட்டு மீட்கப் புறப்பட்டனர் என்பதே நாம் காணப்போகும் வரலாறு.

வெல்ஷ், ஆங்கிலத்தின் கிளைமொழி என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். அது தவறு. ஆங்கிலேயரின் முன்னோர் பிரிட்டன் தீவில் கால்வைக்கும் முன்பே அங்கு வழங்கிய கெல்டிக் மொழியின் வழித்தோன்றல் அது. ஆங்கிலத்துக்கும் அதற்கும் உள்ள தொலைவு, இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள தொலைவைப் போன்றது எனலாம். எட்டாம் ஹென்றி மன்னனின் காலத்தில், 1536-இல் இயற்றப்பட்ட சட்டம் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தது. நீதிமன்றத்துக்கும் ஆட்சிக்கும் ஆங்கிலமே மொழி என்றது. ஆட்சிமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்ட மொழிக்கு வழிபாட்டுமன்றம் இடம் கொடுத்தது. 1588-இல் வில்லியம் மார்கன் என்னும் பாதிரியார் கிறித்தவ வேதத்தை முழுமையாக வெல்ஷில் பெயர்த்தார். அந்த உரைநடையே பல நூற்றாண்டுகளுக்கு மொழியின் செம்மைக்கு அளவுகோலாயிற்று.

'பள்ளி' என்னும் ஒரே சொல் நம்மிடையே தொழுமிடத்தையும் கல்விக்கூடத்தையும் குறித்து நிற்கிறது. வேல்ஸில் அவ்வாறு ஒரு சொல் இல்லையேனும், இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்தது உண்மை. லான்தௌரோர் என்னும் ஊரின் பாதிரியாரான கிரிபித் ஜோன்ஸ் 1731-ஆம் ஆண்டு வாக்கில் 'சுற்றுப் பள்ளிகள்' என்றொரு முறையைத் தொடங்கினார். ஆசிரியர் ஓர் ஊருக்கு வந்து, தேவாலயத்திலோ களஞ்சியத்திலோ மூன்று மாதம் தங்கி, வேதத்தை வாசிக்கக் கற்பித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார். உழவுவேலை குறைந்த குளிர்காலத்தில் வகுப்பு. பகலில் வர இயலாதவர்க்கு இரவில் வகுப்பு. பேரப்பிள்ளைகளோடு பாட்டிமாரும் வந்து அமர்ந்தனர். 1761-இல் அவர் மறையும் முன், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இவ்வாறு கூடியிருந்தன. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுத்தறிந்தனர் என மதிப்பிடுவர். நாட்டின் மொத்த மக்கள்தொகையே அன்று ஐந்து இலட்சத்தைத் தாண்டாது. இத்தனையும் வெல்ஷ் மொழியிலேயே நடந்தது. தாய்மொழியில் கற்பித்தால் மூன்று மாதத்தில் முடிவதை, அறியாத மொழியில் கற்பித்தால் மூன்று ஆண்டிலும் முடிக்க இயலாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

அத்தகைய நாட்டுக்குத்தான் 1846-இல் மூன்று ஆணையர்கள் இலண்டனிலிருந்து அனுப்பப்பட்டனர். வேல்ஸின் கல்வி நிலையை ஆராய வந்த மூவருக்கும் வெல்ஷ் தெரியாது. ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார்கள்; பிள்ளைகள் விழித்தார்கள்; பிள்ளைகள் அறிவிலிகள் என்று எழுதிக்கொண்டார்கள். 1847-இல் நீல அட்டையிட்டு வெளிவந்த அவ்வறிக்கை, பள்ளிகளின் குறைகளைப் பட்டியலிட்டதில் பெரும்பகுதி உண்மையே. கட்டிடம் இல்லை, தகுதியான ஆசிரியர் இல்லை. ஆனால் அத்துடன் நில்லாமல், மக்களின் ஒழுக்கக் குறைவுக்கும் பின்தங்கலுக்கும் அவர்களுடைய மொழியே காரணம் என்றும் தீர்ப்புக் கூறிவிட்டது. 'நீலநூல்களின் துரோகம்' என்று இன்றும் அந்நாட்டார் அதனை அழைக்கின்றனர். கோபம் ஒருபுறம் இருக்க, அத்தீர்ப்பைப் பலர் தம்மை அறியாமலே ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் துயரம். வெல்ஷ் வழிபாட்டுக்கும் கவிதைக்கும்; ஆங்கிலம் முன்னேற்றத்துக்கு. இந்தப் பங்கீடு வீடுதோறும் வேரூன்றியது.

நிலக்கரி வந்தது. தென்வேல்ஸின் ரொண்டா பள்ளத்தாக்கில் 1851-இல் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 1911-இல் ஒன்றரை இலட்சம் பேர். முதலில் வந்தவர்கள் வேல்ஸின் நாட்டுப்புறங்களிலிருந்து வந்தமையால் சுரங்கத்தினுள்ளும் வெல்ஷே ஒலித்தது. பிறகு இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆட்கள் குவிந்தனர். 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நாட்டில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெல்ஷ் பேசினர். 1951-இல் அது 28.9 விழுக்காடு; 1961-இல் 26; 1971-இல் 20.9. இரண்டு உலகப்போர்களும் இடைப்பட்ட கொடிய வேலையின்மையும் பல்லாயிரம் குடும்பங்களை நாட்டைவிட்டே பெயர்த்தன. தென்பகுதிப் பள்ளத்தாக்குகளில் ஒரு காட்சி பொதுவாயிற்று: பாட்டனாரும் பாட்டியாரும் வெல்ஷில் உரையாடுவர், தாய்தந்தையர் அதைப் புரிந்துகொள்வர், ஆனால் ஆங்கிலத்தில் விடையளிப்பர், பிள்ளைகளுக்கு இரண்டுமில்லை, ஆங்கிலம் ஒன்றே.

இனி, எட்வர்ட்ஸ் குடும்பத்துக்கு வருவோம். மரத்துண்டு சுமந்த ஓவனின் மகன் இவன் அப் ஓவன் எட்வர்ட்ஸ், 1922-இல் வெல்ஷ் இளைஞர் இயக்கமான 'உர்த்'தை நிறுவியவர். 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சி இங்கிலாந்து நகரங்களிலிருந்து பிள்ளைகள் வேல்ஸுக்கு அனுப்பப்பட்டனர். அபரிஸ்த்வித் என்னும் கடலோர ஊரின் வகுப்பறைகள் ஒரே வாரத்தில் ஆங்கிலமயமாகிவிடும் என்று கண்ட இவன், தனியார் பள்ளியாக ஒரு வெல்ஷ் பள்ளியைத் திறந்தார். மாணவர் ஏழு பேர். ஆசிரியை நோரா ஐசக். அவ்வேழு பேரில் ஒருவன் இவனின் மகனும் ஓவனின் பேரனுமாகிய இளைய ஓவன். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1982-இல் வெல்ஷ் மொழிக்கெனத் தனித் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கியபோது அதன் முதல் தலைவராக அமர்ந்திருந்தவர் அவரே. பாட்டன் கழுத்தில் மரத்துண்டு. பேரன் கையில் ஒலிபரப்பு நிலையம்.

தனியார் பள்ளியால் ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பயனில்லை. வழி திறந்தது 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். பெற்றோரின் விருப்பத்துக்கு இயன்றவரை இணங்கப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி இருந்தது. மொழியை நினைத்து எழுதப்பட்ட விதியன்று அது. ஆயினும் வெல்ஷ் பெற்றோர் அதனைப் பற்றிக்கொண்டார்கள். 1947 மார்ச் 1, வேல்ஸின் தேசியத் திருநாளன்று, லானெத்லி நகரில் உள்ளாட்சி மன்றமே நடத்தும் முதல் வெல்ஷ் தொடக்கப் பள்ளி திறக்கப்பட்டது. கிளாமர்கன் மாவட்டத்திலும் கார்டிபிலும் அடுத்தடுத்துப் பள்ளிகள் தோன்றின. இவ்வாறு பெற்ற தொடக்கக்கல்வி பதினொரு வயதோடு நின்றுவிடும். அதன்பின் ஆங்கிலப் பள்ளிதான். முளைத்ததை நாற்றங்காலிலேயே விட்டுவிட்டுப் போவது போலாயிற்று.

உயர்நிலையில் முதல் அடி வைத்தது வடகிழக்கிலுள்ள பிளின்ட்ஷயர். அம்மாவட்டக் கல்வி இயக்குநர் ஹைடன் வில்லியம்ஸ் உறுதியாக நின்றமையால், 1956-இல் ரில் நகரில் கிளான் க்லூயிட் பள்ளி திறந்தது. மாணவர் நூற்றுக்கும் குறைவு. 1961-இல் அதே மாவட்டத்தில் மேஸ் கார்மன் என்னும் இரண்டாவது பள்ளி. ஆயினும் வெல்ஷ் மக்கள்தொகையின் பெரும்பகுதி வாழ்ந்த நிலக்கரித் தெற்கில் ஒன்றுகூட இல்லை.

அக்குறை 1962 செப்டம்பரில் நீங்கியது. பான்டிபிரித் நகரை அடுத்த ரிடுவெலின் என்னுமிடத்தில், ரிட்வெலன் பள்ளி எண்பது மாணவரோடு தொடங்கியது. தலைமையாசிரியர் குவிலிம் ஹம்ப்ரீஸ். வேல்ஸின் தேசியப் பாடல் 1856-இல் பிறந்ததும் இதே பான்டிபிரித்தில்தான்; அப்பாடல் பிறந்த ஊரிலேயே, அதன் பொருள் அறியாத தலைமுறை வளர்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்குக் கிடைத்தவை மரத்தாலான எளிய கட்டிடங்கள். கிளாமர்கன் பள்ளத்தாக்குகளிலிருந்தும் கார்டிபிலிருந்தும் பேருந்தில் நெடுந்தொலைவு பயணம் செய்து பிள்ளைகள் வந்தனர். பக்கத்துத் தெருவில் ஆங்கிலப் பள்ளி இருக்க, இருள் பிரியும் முன்பே பிள்ளையை எழுப்பி மழையில் பேருந்துக்குக் கொண்டுவந்து நிறுத்திய தாய்மாரை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே ஆண்டு பிப்ரவரி 13 அன்று, எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் பி.பி.சி. வானொலியில் 'மொழியின் விதி' என்னும் புகழ்பெற்ற உரையை ஆற்றினார். இப்போக்கு நீடித்தால் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் உயிருள்ள மொழியாக இராது என்றார். அவ்வுரையால் கிளர்ந்த இளைஞர்கள் வெல்ஷ் மொழிச் சங்கத்தை அமைத்தனர், சாலைப் பலகைகளில் மை பூசினர், சிறை சென்றனர். வரலாற்று நூல்கள் இவ்வுரைக்கே முதலிடம் தருகின்றன. தரட்டும். ஆனால் ரிட்வெலனைக் கேட்டுப் பெற்றவர்கள் அவ்வுரைக்கு முன்பிருந்தே விண்ணப்பம் எழுதி, கூட்டம் கூட்டி, மாவட்ட மன்றத்தின் படிகளில் காத்திருந்த பெற்றோர். அவர்கள் பெயர் நூல்களில் குறைவாகவே காணப்படுகிறது.

இப்பள்ளியின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். அந்நாளில் பிரிட்டனில் பதினொரு வயதில் ஒரு தேர்வு வைத்து, வென்ற பிள்ளைகளை இலக்கணப் பள்ளிக்கும் மற்றோரைச் சாதாரணப் பள்ளிக்கும் பிரித்துவந்தனர். தேர்ந்தோர், தேராதோர் என்னும் பிரிவின்றி எல்லாரையும் ஒரே பள்ளியில் சேர்ப்பது கம்ப்ரிஹென்சிவ் முறை. வெல்ஷில் அதற்குக் 'கவின்' என்று பெயர். நம் மொழியில் கவின் என்றால் அழகு. அவர்கள் மொழியில் ஒருமித்தது என்று பொருள். ஒலி ஒன்றாகிப் பொருள் வேறான இச்சொல்லைக் கண்டதும் சிறிது மகிழ்ந்தேன். வெல்ஷ் உயர்பள்ளிகள் கல்வியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே என்றாகிவிடாமல் காத்தது இந்தக் கவின் முறைதான். சுரங்கத் தொழிலாளியின் மகனும் மருத்துவரின் மகளும் ஒரே பேருந்தில் வந்தனர். 'இது மேட்டுக்குடிப் பள்ளி' என்னும் ஏச்சு அதனால் ஓய்ந்துவிடவில்லை என்பதும் உண்மை.

எந்தப் பாடத்தை எம்மொழியில் கற்பிப்பது? இது ஏட்டளவில் எளிய கேள்வி, வகுப்பறையில் கடினம். வரலாறு, புவியியல், சமயம் ஆகியவற்றை வெல்ஷில் நடத்துவதில் தடையில்லை. கணிதமும் அறிவியலும் தொடக்கத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தன. பாடநூல் இல்லை, கலைச்சொல் இல்லை, பல்கலைக்கழகத்தில் பிள்ளை என்ன செய்வான் என்னும் அச்சம் பெற்றோருக்கு; நாம் அறியாத வாதங்களல்ல இவை. ஆசிரியர்கள் இரவில் உட்கார்ந்து பாடத்தைத் தாமே எழுதிப் படியெடுத்துக் காலையில் வழங்கினர். ஜாக் எல். வில்லியம்ஸ் தொகுத்த பெரிய கலைச்சொல் அகராதி 1973-இல் வெளிவந்தது. ஆக்சிஜனை 'ஓக்சிகென்' என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கணிப்பொறிக்கோ, எண்ணுதல் என்னும் வேரிலிருந்து தம் சொல்லை ஆக்கிக்கொண்டார்கள். தூய்மை வாதமும் இல்லை, கூச்சமும் இல்லை. படிப்படியாக அறிவியலும் வெல்ஷுக்கு வந்தது. 1948-இல் அமைந்த வெல்ஷ் கூட்டுக் கல்விக் குழுவின் பொதுத்தேர்வுகளை மாணவர் தம் மொழியிலேயே எழுதினர். ஆங்கிலமோ பின்தங்கவில்லை. தெருவும் தொலைக்காட்சியும் கடைவீதியும் ஆங்கிலம் பேசும் நாட்டில், அதைக் கற்பிக்கப் பள்ளி மட்டும் வேண்டும் என்பதில்லை. தேர்வு முடிவுகள் வெளிவர வெளிவர, ஐயுற்றிருந்த அண்டைவீட்டார் தம் பிள்ளைகளையும் அனுப்பலாயினர். வெல்ஷ் அறியாத வீட்டுப் பிள்ளைகளே பின்னர் பெரும்பான்மையாயினர்.

பன்னிரண்டே ஆண்டுகளில் ரிட்வெலன் இடம்கொள்ளாமல் நிரம்பியது. 1974-இல் லான்ஹரியில் ஒரு பள்ளி பிரிந்தது; 1978-இல் கார்டிபில் கிளான்டாவ்; 1981-இல் ரிம்னி பள்ளத்தாக்கில் ஒன்று; 1988-இல் ரொண்டாவில் ஒன்று; 1995-இல் சினோன் பள்ளத்தாக்கில் ஒன்று. ஆலமரம் விழுதூன்றுவதுபோல் தெற்கெங்கும் கிளைத்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலப் பள்ளிகளிலும் வெல்ஷைக் கட்டாயப் பாடமாக்கியது.

இவ்வரலாற்றில் இருண்ட ஏடும் உண்டு. நல்லதை எழுதுவோர் அதை ஒளிக்கலாகாது. நாடகத்தில் ரிட்வெலனுக்குப் பெரும்பெயர் இருந்தது. அந்நாடகங்களை நடத்திய ஆசிரியர் மாணவரிடம் பல்லாண்டு தகாத முறையில் நடந்து வந்தது பின்னர் வெளிப்பட்டது. வேல்ஸின் சிறார் நல ஆணையர் நடத்திய விசாரணையின் அறிக்கை 2004-இல் வெளியாயிற்று. பிள்ளைகளின் முறையீட்டைப் பெரியவர்கள் காதுகொடுத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பதை அது தெளிவாக்கியது. மொழியைக் காக்க எழுந்த நிறுவனமாயினும், முதலில் காக்க வேண்டியது பிள்ளையை.

2006-இல் பள்ளி பழைய கட்டிடங்களை நீங்கி, அருகிலுள்ள சர்ச் வில்லேஜில் எழுந்த புதிய வளாகத்துக்குச் சென்றது. பெயரும் கார்த் ஓலூக் என மாறியது. 2019 முதல் மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை ஒரே பள்ளியில் கற்கும் அமைப்பாயிற்று. ரிட்வெலன் என்னும் பெயர் பள்ளிக்குரியதாக இன்று இல்லை.

சாண்டர்ஸ் லூயிஸின் முன்னறிவிப்பு பலித்ததா? இருபத்தொன்றாம் நூற்றாண்டு பிறந்தபோது மொழி சாகவில்லை. 1991-இல் 18.7 விழுக்காடாக இருந்தது, 2001-இல் 20.8 ஆக உயர்ந்தது. நூறாண்டுச் சரிவில் முதல் ஏற்றம் அது. பள்ளிகளே அதற்குப் பெருங்காரணம். ஆனால் 2011-இல் 19 ஆகவும், 2021-இல் 17.8 ஆகவும் மீண்டும் இறங்கியது. பேசுவோர் 5,38,000 பேர். இந்த இறக்கம் பெரிதும் மூன்று முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடையே காணப்பட்டமை எல்லாரையும் திடுக்கிடச் செய்தது. 2050-க்குள் பத்து இலட்சம் பேர் என்னும் இலக்கை வேல்ஸ் அரசு 2017-இல் வகுத்துக்கொண்டிருந்தது. 2025-இல் வெல்ஷ் மொழி, கல்விச் சட்டத்தையும் நிறைவேற்றியுள்ளது.

சட்டம் எட்டாத இடம் ஒன்று உண்டு. வகுப்பறையில் வெல்ஷில் விடை சொல்லும் பிள்ளை, மணி அடித்ததும் விளையாட்டுத் திடலில் ஆங்கிலத்துக்குத் தாவுகிறது. தெற்கத்திப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பல பத்தாண்டுகளாக இதைக் கண்டு வருந்துகின்றனர். அவர்களில் எவரும் மரத்துண்டைத் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள். ஆங்கிலம் பேசியதற்காகப் பிள்ளையை அடித்துத் திருத்தும் வெல்ஷ் பள்ளி, தான் எதை எதிர்த்துப் பிறந்ததோ அதுவாகவே மாறிவிடும். ஆகவே பாட்டு, நாடகம், உர்த் முகாம், விளையாட்டுக் குழு என்று சுற்றுவழியில் முயல்கிறார்கள்.

வீட்டிலோ, பிள்ளை கொண்டுவரும் வீட்டுப்பாடத்தைத் தந்தையால் வாசிக்க இயலவில்லை. 1973-இல் கார்டிபில் பெரியவர்களுக்கான தீவிர மொழி வகுப்பு முதன்முதலாகத் தொடங்கியது. பின்னர் நாடெங்கும் பரவியது. அதில் சேர்ந்தவர்களுள் இப்பள்ளிகளின் பெற்றோரும் இருந்தார்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் வந்து, தம் பாட்டனார் பேசிய மொழியின் முதற்பாடத்தை, ஏழு வயதுப் பிள்ளைக்கும் பின்தங்கிய மாணவராய், ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டினார்கள்.